பாவமன்னிப்பும் மனந்திரும்புதலும்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் எங்கள் பக்கம் சிலுவைப்பாதையும் லெந்து கூட்டமும் ஒரே வாரத்தில் நடக்கும். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கத்தோலிக்கப் பங்குகள், தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் லுத்தரன் சபைகள், ஊடே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே என்று எல்லாம் கலந்து கிடக்கும் பகுதி இது. அண்ணன் பங்குக் கோயிலுக்கும் தம்பி ஜெபவீட்டுக்கும் போகிற குடும்பங்கள் நிறைய உண்டு. கூட்டம் முடிந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்பார்களே, அந்த மாதிரிக் கேள்விகள்தான் கீழே இருப்பவை. வேதத்தில் எந்த இடம் என்று சொல்லியிருக்கிறேன். எடுத்துப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனந்திரும்புவது என்றால் பாவத்தை நினைத்து அழுவதா?

அழுகை வரலாம், வராமலும் போகலாம். இயேசு பிடிபட்ட இரவில் அவருடைய சீடர்களில் இருவர் பெரிதாகத் தவறினார்கள். யூதாஸ் காசுக்குக் காட்டிக்கொடுத்தான். பேதுரு, அந்த மனிதரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்னார். இருவருமே பிறகு வருந்தினார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுபோய் ஆலயத்தில் எறிந்துவிட்டு, குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னான் (மத்தேயு 27). பார்க்கப்போனால் அன்றைக்குப் பேதுருவைவிட அவன்தான் அதிகம் செய்தான். ஆனால் மன்னிக்கக்கூடியவரிடம் மட்டும் போகவில்லை. தனியாகப் போய்த் தன்னையே முடித்துக்கொண்டான். பேதுருவும் அன்றிரவு மனங்கசந்து அழுதார். ஆனால் பின்னொரு நாள், கரையில் நிற்பது ஆண்டவர் என்று கேட்டவுடன் படகிலிருந்து தண்ணீரில் குதித்து அவரிடம் போனார் (யோவான் 21).

அப்புறம் லூக்கா 3-ஐப் பாருங்கள். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகர் மனந்திரும்பச் சொல்கிறார். ஜனங்கள், “அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார்கள். அழுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்றார். வரி வசூலிப்பவர்களிடம், குறித்த தொகைக்கு மேல் வாங்காதே என்றார். படைவீரர்களிடம், மிரட்டிப் பறிக்காதே, சம்பளத்தோடு நில் என்றார். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பதில். நம் தொழிலுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாலே பாதி விளங்கிவிடும்.

நான் முதலில் திருந்திக் காட்டினால்தான் கடவுள் மன்னிப்பாரா?

இல்லை. லூக்கா 15-இல் வருகிற இளைய மகன், சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கிற இடத்தில் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான்: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபோது முதல் இரண்டைத்தான் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்வதற்குள் தகப்பன் நல்ல உடுப்பும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அதற்கும் முன்னாலேயே, தூரத்தில் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். நிலபுலன் உள்ள வயதான மனிதர் தெருவில் ஓடுவதை அந்தக் காலத்து ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மனந்திரும்புதல் மன்னிப்புக்குக் கொடுக்கிற விலை கிடையாது. நாம் பாவிகளாய் இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று பவுல் எழுதியதும் இதைத்தான் (ரோமர் 5:8).

ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் மூத்த மகன் வயலிலிருந்து வருகிறான், ஆட்டம்பாட்டம் கேட்டுக் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனையும் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நம் குடும்பங்கள் படிக்க வேண்டியது அந்தப் பகுதி.

பக்கத்து வயலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பை, அப்பா காலத்திலிருந்தே ஒவ்வொரு சாகுபடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தள்ளி வந்திருக்கிறோம். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நிலத்தையும் கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். கடவுள் உங்களை மன்னித்தது உண்மை. ஆனால் பக்கத்து வயல்காரருக்கு நீங்கள் தர வேண்டியதை அவர் தள்ளுபடி செய்துவிடவில்லை. அதைத் தள்ளுபடி செய்கிற உரிமை பக்கத்து வயல்காரருக்குத்தான் இருக்கிறது.

வேதம் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிட விவரமாகவே பேசுகிறது. முன்னோர் வைத்த எல்லைக்குறியை நகர்த்தாதே என்று உபாகமம் 19:14. அப்படி நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன், ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும் என்று 27:17. ஏமாற்றி எடுத்ததை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று லேவியராகமம் 6. பலியும் உண்டு, ஆனால் பலி செலுத்துகிற அதே நாளில் பொருளும் உரியவன் கைக்குப் போயாக வேண்டும். உரியவன் இறந்துபோயிருந்தால் நெருங்கிய உறவினருக்கு, அப்படி யாரும் இல்லாவிட்டால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் என்று எண்ணாகமம் 5 சொல்கிறது. இயேசுவும் காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்றார் (மத்தேயு 5:23, 24).

சகேயு கதை எல்லாருக்கும் தெரியும். மரத்தில் ஏறியதோடு நிறுத்திவிடுகிறோம். எரிகோவில் வரி வசூல் தலைவர் அவர். பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நான்கு மடங்காகத் திருப்பி என்று எழுந்து நின்று சொன்னார் (லூக்கா 19). ஆட்டைத் திருடி விற்றவனோ அடித்தவனோ நான்கு ஆடு கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 22:1-இல் இருக்கிறது. திருடனுக்கு உரிய சட்டத்தைத் தன்மேல் தானே எடுத்துக்கொண்டார் என்று தெரிகிறது. வரிசையையும் கவனியுங்கள். இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்னது முதலில். ஊர் முணுமுணுத்தது அடுத்து. அதற்குப் பிறகுதான் சகேயு பணத்தைப் பற்றிப் பேசினார். மன்னிப்பை வாங்குவதற்காகக் கொடுக்கவில்லை, வீட்டுக்குள் அவர் வந்துவிட்டதால் கொடுத்தார்.

சரி, நடைமுறையில் எப்படி? தை, மாசியில் அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகு அளப்பது சுலபம். தவக்காலமும் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. முதலில் அந்த வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். சர்வேயர் சங்கிலியோடு வந்து நிற்கும்போதுதான் அவருக்குத் தெரிய வேண்டும் என்று வைக்காதீர்கள். புலப்படத்தை வைத்து அளந்து கல் போடுங்கள், செலவு உங்களுடையது. பட்டா அண்ணன் தம்பி பெயரில் கூட்டாக இருந்து அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், உங்கள் பங்குக்கு வருகிற மதிப்பைப் பணமாகக் கொடுக்கலாம். நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டார்களா? விசாரித்தால் விலாசம் கிடைக்கும்; நம் ஊர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது டீக்கடையில் தெரியாமல் இருக்காது. அப்பா செய்ததுதானே என்ற சமாதானம் நிற்காது. அந்த மண்ணில் விளைந்ததை நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவர், “விடுங்க தம்பி, பரவாயில்லை” என்று சொல்லலாம். நல்லது. ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், அதுவும் எவ்வளவு என்று முழுதாகத் தெரிந்த பிறகு. சபையில் சாட்சி சொல்லிக் கைதட்டல் வாங்குவதற்கு முன்னால் அந்தத் திண்ணையில் போய் உட்காருங்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். சிலர் அதன் பிறகு கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நடவுக் கூலி கொஞ்சம் பாக்கி நிற்கிறது. நெல் போட்ட பணம் வந்ததும் கொடுப்பேன். இதெல்லாமா பாவக் கணக்கில் வரும்?

வரும். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரைகூட உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. உங்கள் வயல்களை அறுத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தர் காதுக்குப் போய்விட்டது என்று யாக்கோபு 5:4. உங்களுக்கு வர வேண்டிய பணம் தாமதமாவது நிஜம்தான். அந்தத் தாமதத்தை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. அடகு வைக்க உங்கள் வீட்டில் ஒரு சங்கிலி இருக்கிறது. நாற்று நட்டவருக்கு அதுகூட இல்லை, வட்டிக்குத்தான் போவார்.

கத்தோலிக்கர் பாவத்தைக் குருவிடம் போய்ச் சொல்கிறார்கள். மற்ற சபையினர் நேராகக் கடவுளிடம் சொல்கிறோம் என்கிறார்கள். எது சரி?

இரண்டு பக்கத்துக்கும் வேத ஆதாரம் இருக்கிறது. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, எவர்களுடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னது யோவான் 20:22, 23. ஒப்புரவு அருட்சாதனத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை காட்டும் இடம் அதுதான். வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுக்கூட்டம் விதித்தது; கனமான பாவங்களைப் பொறுத்தவரை அது இன்றும் நிற்கிறது. பாவங்களை நினைவுபடுத்திப் பார்ப்பது, உண்மையாக வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கும் பரிகாரத்தைச் செய்வது என்று பழைய பெரியவர்கள் வரிசையாகச் சொல்லித் தருவார்கள். பரிகாரம் என்றால் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரைச் சரிசெய்வது என்று முடிந்த அளவு ஈடு செய்யவும் வேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 1459-ஆம் எண் தெளிவாகவே சொல்கிறது.

மறுபக்கம் 1 யோவான் 1:9: நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் உண்மையும் நீதியும் உள்ளவராக இருந்து மன்னிப்பார். அங்கே நடுவில் ஒருவரைப் பற்றிப் பேச்சில்லை. அதற்காக லுத்தரன்கள் தனி அறிக்கையை ஒழித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1517 அக்டோபர் 31-இல் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அவருடைய பக்கத்தார் 1530-இல் ஆக்ஸ்பர்க்கில் கொடுத்த விசுவாச அறிக்கையின் 11-ஆம் பிரிவு, தனி அறிக்கையும் பாவமன்னிப்பு அறிவிப்பும் சபையில் தொடர வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பாவத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. 1706-இல் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது கொண்டுவந்தது இந்த மரபைத்தான். இன்றைக்கு அங்கே பெரும்பாலும் ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து அறிக்கையிடுவார்கள், ஐயர் (போதகர்) பாவமன்னிப்பை அறிவிப்பார். சி.எஸ்.ஐ. திருவிருந்து ஆராதனையிலும் இதே போக்கு உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் எழுதி வைத்த முறை இருக்காது. ஜெபத்தில் கடவுளிடம் சொல்வது, சாட்சியாகச் சபையில் சொல்வது.

என் அபிப்பிராயம் கேட்டால், எந்த முறையிலும் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. பொது அறிக்கையில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம். தனி அறிக்கையில் போன தடவை சொன்ன அதே பட்டியலை ஒப்பித்துவிட்டு எழுந்து வரலாம். இன்னொரு மனிதர் காது கேட்க, “இதை நான் செய்தேன்” என்று ஒரு முறையாவது சொல்வது பெரிய உதவி என்பதை மட்டும் எல்லாச் சபையினருக்கும் சொல்வேன். ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிடுங்கள் என்கிற யாக்கோபு 5:16 எல்லாருடைய வேதத்திலும் இருக்கிறது.

சின்ன ஊர். பங்குச்சாமி யாரிடமாவது சொல்லிவிட்டால்?

சொல்லக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். ஒப்புரவில் கேட்டதை நேரடியாக வெளிப்படுத்துகிற குரு அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு ஆளாகிறார் என்பது திருச்சபைச் சட்டம். உங்கள் பங்குக் குருவிடம்தான் போக வேண்டும் என்றும் இல்லை, அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் போகலாம். பூண்டிக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிற சாக்கில் அங்கே ஒப்புரவு செய்துவிட்டு வருகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதில் தப்பே இல்லை. போதகர்களிடம் தனியாகச் சொல்கிறவர்கள், அவர் வாய் எப்படி என்று பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே இந்த அளவுக்கு இறுக்கமான சட்டம் எல்லாச் சபைகளிலும் இல்லை.

வேளாங்கண்ணிக்கு நடந்து போனால், மொட்டை போட்டால் பாவம் தீருமா?

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்கு, காவி உடுத்திச் சாலையோரமாக நடந்து போகிறவர்களை டெல்டாவில் எல்லாரும் பார்த்திருப்போம். கால் கொப்புளிக்க நடப்பதைத் தவ முயற்சியாகக் கத்தோலிக்கத் திருச்சபை மதிக்கிறது. ஆனால் ஒப்புரவுக்குப் பதிலாக அதை வைப்பதில்லை. மற்ற சபையினர் அந்த நடைக்கு மன்னிப்பில் பங்கே இல்லை என்பார்கள். ஆயிரம் ஆட்டுக்கடாக்களும் ஆறாக ஓடும் எண்ணெயும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, நியாயம் செய், இரக்கத்தை விரும்பு, கடவுளோடு தாழ்மையாய் நட என்று முடிக்கிற மீகா 6:6-8 இரு தரப்புக்கும் பொது.

மயிலாடுதுறைப் பக்கம் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: ஐப்பசியில் துலா முழுக்கு இருக்கிறதே, நமக்கு அப்படி ஒரு நாளோ துறையோ உண்டா? கிடையாது. கிறிஸ்தவத்தில் ஞானஸ்நானம் ஒரே தடவை. அதன் பிறகு விழுந்தால் மறுபடி தண்ணீருக்குப் போவதில்லை. கடைமுழுக்கன்று காவிரியில் இறங்குகிற நம் அக்கம்பக்கத்தாரைக் கேலி பேசுவது இதில் எந்த வகையிலும் சேராது.

சுனாமியும் கஜா புயலும் நம் பாவத்துக்குத் தண்டனையா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சில பிரசங்கங்களில் இது நியாயத்தீர்ப்பு என்று சொல்லப்பட்டது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும் அதே பேச்சு.

இந்தக் கேள்விக்கு இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார், லூக்கா 13-இல். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்ததை எடுத்துச் சொல்லி, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொன்னார். அடுத்த வரியில், நீங்கள் மனந்திரும்பாவிட்டால் அழிவீர்கள் என்று உயிரோடு இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். இறந்தவர்களின் பாவத்தை எண்ண அவர் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்று அற்புதமாகச் சொல்பவர்கள், அதே காலையில் அதே கடற்கரையில் இறந்த யாத்ரீகர்களின் குடும்பம் அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்றும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

குடியை விட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அழுது ஜெபித்து மறுபடி விழுகிறேன். இன்னும் மன்னிப்பாரா?

மன்னிப்பார். உன் சகோதரன் ஒரே நாளில் ஏழு தடவை வந்து வருந்துகிறேன் என்றாலும் மன்னி என்று நம்மிடம் சொன்னவர் (லூக்கா 17:4), தான் அதைவிடக் குறைவாகச் செய்ய மாட்டார். கிருபை பெருகும்படி பாவத்திலே நிற்கலாமா என்ற ரோமர் 6:1-ஐ உங்கள்மேல் வீசுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பார் என்ற தைரியத்தில் குடிக்கிறவனுக்கு எழுதியது அது.

ஆனால் குடிநோய்க்கு மருத்துவம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உபவாச ஜெபத்தில் உட்கார வைத்து நிறுத்தப் பார்ப்பது ஆபத்து. ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை, மருத்துவரிடம் போகும் வழியிலும் ஜெபிக்கலாம்.

அண்ணன் பாகப்பிரிவினையில் ஏமாற்றிவிட்டார். நான் மன்னிக்காவிட்டால் கடவுள் என்னை மன்னிக்க மாட்டாரா?

மத்தேயு 6:15 அப்படித்தான் சொல்கிறது, மழுப்ப வழியில்லை. மத்தேயு 18-இல் வரும் கதையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்காரன் ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. அது தள்ளுபடி ஆனது. வெளியே வந்தவன் தனக்கு 100 தெனாரியம் தர வேண்டியவன் கழுத்தைப் பிடித்தான். அந்த நூறும் சின்னத் தொகை இல்லை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. உன் நஷ்டம் ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை.

மன்னித்தால் பங்கைக் கேட்கக் கூடாதா? கேட்கலாம். பெரியவர்களை வைத்துப் பேசலாம். விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போவதைவிட உள்ளுக்குள் தீர்ப்பது நல்லது என்று பவுல் நினைத்தார் (1 கொரிந்தியர் 6). அண்ணன் வீட்டில் சாவு விழுந்தால் போகாமல் இருப்பது, அவர் பிள்ளைகளிடம் பேச விடாமல் தடுப்பது, இதையெல்லாம் விட வேண்டும்.

அடிக்கிற கணவரை மன்னித்து மறுபடி அந்த வீட்டுக்கே போகச் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

வேண்டாம். மன்னிப்பதும் திரும்பிப் போய் வாழ்வதும் வேறு வேறு. மேலே சொன்ன கதை வருகிற அதே மத்தேயு 18-இல், தவறு செய்தவனிடம் தனியாகச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போ, அப்புறம் சபைக்குச் சொல், அதற்கும் கேட்காவிட்டால் அவனை வெளியாளாக எண்ணு என்று இருக்கிறது. லூக்கா 17:3-இலும் முதலில் வருவது கண்டிப்பு. இந்த வசனங்களை விட்டுவிட்டு, ஏழெழுபது தரம் என்பதை மட்டும் பெண்ணிடம் சொல்லி அனுப்பி வைக்கிற போதகரும் மாமியாரும் வேதத்தைப் பாதிதான் படிக்கிறார்கள்.

கணவர் காலில் விழுந்து அழுதால்? யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகர் கேட்டது கனிகளை, அதாவது செயலில் தெரியும் மாற்றத்தை. அடிப்பது நின்று நாளாகி இருக்கிறதா, தான் செய்ததை உங்கள் அப்பா அம்மா முன்னால் சாக்குச் சொல்லாமல் ஒத்துக்கொள்கிறாரா, சிகிச்சைக்குப் போகிறாரா என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அதுவரை பாதுகாப்பான இடத்தில் இருங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது. தாவீதைக் கடவுள் மன்னித்தார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன அதே வாயால்தான், அவன் செய்ததன் விளைவுகள் வீட்டை விட்டு நீங்காது என்றும் சொன்னார் (2 சாமுவேல் 12).

தனி ஆள் மனந்திரும்பலாம். சபையே மனந்திரும்ப வேண்டிய பாவம் உண்டா?

உண்டு, நம் பகுதியில் அதன் பெயர் சாதி. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரில் அதை ஏற்காமல் பலர் கோயிலைவிட்டு விலகினார்கள். இன்றும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அந்த வேறுபாட்டுக்காகவே வாதாடினார். கத்தோலிக்கப் பக்கம் கதை வேறல்ல. தமிழக ஆயர்களிடம் 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பேசும்போது, கிறிஸ்தவர்களுக்குள் சாதி அடிப்படையிலான எந்தப் பாரபட்சமும் இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. சொல்லும் நிலைமை இருந்ததால்தானே சொன்னார்.

நான் எதுவும் செய்யவில்லையே என்று இளைஞர்கள் கேட்பார்கள். நெகேமியா, நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவம் செய்தோம் என்று ஜெபித்தார் (நெகேமியா 1:6). தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் வரும் ஜெபம் ‘நாங்கள்’ என்றே போகிறது. ஆனால் ஜெபம் மட்டும் போதும் என்றால் வரப்புக் கதைதான் மறுபடி. கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருக்கிறதா? தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? பங்குப் பேரவையில், சபைக் கமிட்டியில் யார் உட்காருகிறார்கள்? இதற்கு ஊரில் எதிர்ப்பு வரும், காணிக்கை குறையும். குறைந்தால் குறையட்டும்.

மன்னிக்கப்படாத பாவம் என்று ஒன்று இருக்கிறதாமே?

பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணம் (மாற்கு 3:28, 29). கண்ணெதிரே கடவுள் செய்ததைப் பிசாசின் வேலை என்று பிடிவாதமாகச் சொன்னவர்களிடம் பேசியது அது. அதைச் செய்துவிட்டேனோ என்று தூக்கமில்லாமல் தவிக்கிறவர் அதைச் செய்தவராக இருக்க மாட்டார். அந்தப் பிடிவாதம் இருந்தால் தவிப்பு வராது.

இதோடு சேர்த்து, தற்கொலை செய்துகொண்டவர் கதி என்ன என்று கேட்பார்கள். கடனில் மாட்டிய வீடுகளில் இது வெறும் சந்தேகம் இல்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுக்கச் சொன்னது; 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழியில் மனந்திரும்ப வாய்ப்பு அளிக்க அவரால் முடியும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு சொல்கிறது (2283). எந்தச் சபையானாலும், சாவு வீட்டில் நின்று நரகத்தைப் பற்றிப் பேசுகிறவரை வெளியே அழைத்துப் போய்விடுங்கள். உங்களுக்கே அந்த எண்ணம் வந்துகொண்டிருந்தால் 14416 அல்லது 104-ஐ அழையுங்கள், இன்றைக்கே.

சாகிற நேரத்தில் மனந்திரும்பினால் போதுமா?

சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் போதுமானதாக இருந்தது (லூக்கா 23:43). திருப்பிக் கொடுக்கவோ யாரிடமும் போய்ப் பேசவோ அவனுக்கு நேரமும் இல்லை, கைகாலும் கட்டுண்டிருந்தது. ஆனால் அவன் அதை முன்கூட்டித் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை.

வீட்டில் பெரியவர் படுத்துவிட்டால், பேச்சு நின்ற பிறகு குருவையோ ஐயரையோ கூப்பிடுவதுதான் நம் வழக்கமாகிவிட்டது. நோயில் பூசுதல் சாவுக்கு மட்டும் உரியது என்ற பழைய பயம் அது. நினைவு தெளிவாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். ஒப்புரவு செய்ய விரும்பினால் எல்லாரும் அறையைவிட்டு வெளியே வாருங்கள். பல வருடமாகப் பேசாத தம்பி பக்கத்து ஊரில் இருந்தால், மகன்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அவருக்கும் ஆள் அனுப்புங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் வீடியோ காலாவது போட்டுக் கொடுங்கள்.